ஊரக இளைஞர் தேவைகளும் ஊர் மன்றமும்: காயல்பட்டினம் தரும் படிப்பினை

தாமிரபரணியின் கடைமடையில் வெற்றிலை, வாழை, நெல் பயிரிடும் சிறு உழவர்களைச் சந்திக்கும்போது பூச்சியைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசி முடித்தபின், புறப்படும் வேளையில் பெரும்பாலும் ஒரு கேள்வி எழும். "எல்லாம் சரிதான் ஐயா, எங்களுக்குப் பிறகு இதையெல்லாம் பார்க்க ஆள் எங்கே?" என்பதே அது. இக்கேள்விக்கு விதையிலோ மருந்திலோ விடை கிடையாது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு வந்து கொடியைக் கட்டப் போவதில்லை. அகத்தியில் கொடி ஏற்றிக் கட்டவும், வளர்ந்த கொடியை இறக்கிக் கட்டவும், பதம் பார்த்து இலை கிள்ளவும் கை பழகிய ஆள் வேண்டும். இந்தக் கைப்பழக்கம் இளவயதில் வரவேண்டிய ஒன்று. அந்த வயதுப் பிள்ளைகள்தான் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்பட்டுப் போகின்றனர்.

பிள்ளைகள் வெளியூர் போவது தவறு என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டு ஏக்கர் நிலத்தில் மூன்று மகன்கள் பிழைக்க இயலாது என்பது உழவர் அனைவருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் போகும் பிள்ளை ஒரு தொழிலும் கல்லாமல் போகிறான். ஊரில் இருக்கும் பிள்ளையோ, வேறு வழியற்றவன் என்ற பெயரோடு இருக்கிறான். இருவருக்கும் ஊர் என்ன செய்தது என்று கேட்டுப் பார்த்தால், பல ஊர்களில் சொல்லத்தக்க விடை இல்லை. விடை சொல்லக்கூடிய ஓர் ஊர் நம் பக்கத்திலேயே உள்ளது.

காயல்பட்டினத்தின் ஏற்பாடு

ஆத்தூருக்குத் தெற்கே, திருச்செந்தூருக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்தது காயல்பட்டினம். 1986 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இது உழவர் ஊர் அன்று. பல தலைமுறைகளாகக் கடல் வாணிகத்தையும் இரத்தினக் கல் வாணிகத்தையும் நம்பிய ஊர். ஆண்களில் பலர் இலங்கை, ஹாங்காங், வளைகுடா நாடுகள் என்று வெளியிடங்களில் இருப்பவர்கள். அப்படியானால் உழவருக்கு இதில் என்ன பாடம் என்று கேட்கலாம். இளைஞர் வெளியே போவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஓர் ஊர், அவர்களை விட்டுவிடாமல் எவ்வாறு பிடித்து வைத்துள்ளது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

வெளிநாடுகளில் வாழும் இவ்வூரார் ரியாத், ஜித்தா, துபாய், சிங்கப்பூர் போன்ற இடங்களில் காயல் நல மன்றங்களை அமைத்துள்ளனர். உறுப்பினர் சந்தா செலுத்தி, ஊரிலுள்ள வறிய மாணவர்களின் படிப்புக்கும் நோயாளிகளின் மருத்துவத்துக்கும் பணம் அனுப்புகின்றனர். ஊரில் உள்ள இக்ராஃ கல்விச் சங்கம் மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்குகிறது. பணம் ஓரிடத்தில் சேருகிறது. தேவைப்படும் பிள்ளை யார் என்பது ஊரிலுள்ளவர்களுக்குத் தெரியும். இரண்டையும் இணைக்க ஓர் அமைப்பு நடுவில் இருக்கிறது. இந்த நடு அமைப்புதான் நம் உழவர் ஊர்களில் இல்லாதது.

இரண்டாவது, விளையாட்டு. ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல்கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை இவ்வூரில் நடத்தி வருகிறது. வெளி மாநில அணிகளும் வந்து ஆடும் போட்டி அது. கோப்பையைக் காட்டிலும் மைதானம் முக்கியமானது என்பது எமது கருத்து. நாள்தோறும் மாலையில் ஐம்பது பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடினால், எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை, யார் பள்ளியை நிறுத்திவிட்டான், யார் தவறான சேர்க்கையில் விழுந்துவிட்டான் என்பதெல்லாம் தானே தெரிந்துவிடும். எந்த அலுவலகத்தாலும் இந்தக் கணக்கை எடுக்க இயலாது. மைதானத்துக்கு ஆகும் செலவைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. களத்துமேட்டைச் சமன்படுத்தி ஒரு கைப்பந்து வலை கட்ட ஆகும் செலவு ஒரு கோயில் கொடைக்கு ஆகும் வாணவேடிக்கைச் செலவைவிடக் குறைவு.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். வாவு வஜீஹா மகளிர் கலை அறிவியல் கல்லூரி 2006ஆம் ஆண்டில் இவ்வூரில் தொடங்கப்பட்டது. மகளை நெடுந்தூரம் பேருந்தில் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, வாசலுக்கு அருகிலேயே கல்லூரி வந்துவிட்டால் மறுக்கக் காரணம் குறைந்துவிடுகிறது. சேவை எங்கே நடக்கிறது என்பது, அது எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்பதற்குச் சமமாக முக்கியமானது. வேளாண் பயிற்சிகளுக்கும் இது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

வெள்ளம் காட்டியது

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. ஓர் ஆண்டுக்கும் மேலான மழை ஒரே நாளில் கொட்டியது என்று கொள்ளலாம். குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, வாழையும் நெல்லும் நீரில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக் கொண்டனர். தங்கள் ஊரையும் நீர் சூழ்ந்திருந்த நிலையில், அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தங்களிடமிருந்த அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்து உணவளித்தனர். மீட்புப் படையினர் வந்து சேரும் வரை ஊர்களைக் காத்தவர்கள் ஊரிலிருந்த இளைஞர்களும் பெண்களுமே.

இதில் உழவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளம் வந்தபின் குழு அமைக்க நேரம் இருப்பதில்லை. யாருக்கு நீந்தத் தெரியும், யாரிடம் டிராக்டர் உள்ளது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் உள்ளார் என்பவை முன்னரே தெரிந்த பிள்ளைகள்தாம் இருட்டில் வேலை செய்ய இயலும். குளத்து மடையின் நிலையை அறிந்த இளைஞன் ஊரில் ஒருவனும் இல்லையென்றால், அந்தக் குளத்தின் கரைக்குக் காவல் இல்லை என்று பொருள். 1873இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலிலும் தென்காலிலும் மடை திறக்கும் முறை, நீர் பாயும் வரிசை, உபரி நீர் போகும் வழி ஆகியவை இன்று பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களின் நினைவில்தான் உள்ளன.

அரசின் சேவைகள் ஏன் எட்டவில்லை?

இளைஞர்களுக்கென அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது உண்மைக்கு மாறானது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல் ஊர்தோறும் இளைஞர் மன்றம் அமைக்கும் முயற்சி நடந்து வந்துள்ளது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 1972இல் நேரு யுவகேந்திரா வந்தது. ஊரக இளைஞருக்குச் சுயதொழில் பயிற்சி அளிக்கும் 'டிரைசெம்' திட்டம் 1979 ஆகஸ்டு 15இல் தொடங்கி 1999 வரை நடந்தது. பயிற்சி பெற்றவர்களில் பலர் அத்தொழிலில் நிலைக்கவில்லை என்பதே அத்திட்டத்தின் மீது கூறப்பட்ட பெரிய குறை. உள்ளூரில் விற்பனை வாய்ப்பு உண்டா என்று பாராமல், எந்தப் பயிற்சிக்கு ஆசிரியர் கிடைத்தாரோ அந்தப் பயிற்சியை நடத்தினால் வேறு என்ன விளையும்?

பிற்காலத்தில் வந்தவை பல. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தொடங்கிய ஒரு முயற்சியைப் பின்பற்றி, வங்கிகள் மாவட்டந்தோறும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்து இலவசமாகப் பயிற்சி அளிப்பதோடு, முடித்துச் சென்றவரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது இவற்றின் சிறப்பு. 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1ஆம் நாளும், அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் உயர்கல்வி பெற மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் அதே ஆண்டு செப்டம்பரிலும், மாணவருக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. மத்திய அரசு 2023 அக்டோபர் 31இல் 15 முதல் 29 வயது வரையுள்ளோருக்காக 'மேரா யுவ பாரத்' என்னும் அமைப்பை நிறுவியது. வேளாண்மையில் ஊரக இளைஞர்களுக்கு ஏழு நாள் திறன் பயிற்சிகள் நடத்தவும் திட்டம் உண்டு.

இவ்வளவும் இருந்தும், பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு பையன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதோடு நின்றுவிடுகிறான். ஐந்து ஆண்டுகள் பதிவு செய்து காத்திருந்தோருக்குத் தரப்பட்டு வந்துள்ள உதவித்தொகை, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். இதை நம்பிக் காலம் கழிப்பது விதை நெல்லை அவித்துத் தின்பதற்கு ஒப்பாகும். மாறாக, அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ போதும் என்பதும், சேர்ந்தவருக்கு உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் உண்டு என்பதும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சேவை அலுவலகத்தில் இருக்கிறது, பிள்ளை தெருவில் இருக்கிறான். இடையில் உள்ள தூரத்தைப் பேருந்தால் மட்டும் கடக்க முடியாது. விண்ணப்பம் நிரப்பித் தர ஒருவர், உடன் வர ஒருவர், திருப்பி அனுப்பினால் "மறுபடி போ" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

சொந்தமாக ஒரு துண்டு நிலம்

உழவர் வீட்டு இளைஞனின் தேவைகளில் மிகவும் கண்டுகொள்ளப்படாதது, அவன் கையில் சொந்தக் காசு இல்லாமை. அப்பனோடு விடிய விடிய நீர் பாய்ச்சுவான், உரம் சுமப்பான், தார் வெட்டி வண்டியில் ஏற்றுவான். ஆனால் விற்ற பணம் அப்பன் பையில். ஒரு சட்டை வாங்கக் கேட்டு நிற்க வேண்டும். அதே பையன் தூத்துக்குடியில் ஒரு கடையில் நின்றால் மாதம் பிறந்ததும் சம்பளம். இவன் வேளாண்மையை வெறுத்து ஓடுகிறான் என்கிறோம். கேட்டு நிற்கும் நிலையை வெறுத்து ஓடுகிறான் என்பதே பொருத்தம்.

இதற்கு அமெரிக்க நாட்டில் கண்ட வழி நூறு ஆண்டுக்கும் மேலாகப் பயன் தந்துள்ளது. ஒகையோ மாநிலத்தில் கிரகாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் 1902இல் சிறுவர் சிறுமியரைக் கூட்டி, மண்ணைச் சோதிக்கவும் மக்காச்சோள விதையைத் தேர்வு செய்யவும் கற்பித்தார். பின்னர் அங்குத் தென் மாநிலங்களில் 'மக்காச்சோள மன்றங்கள்' தோன்றின. தந்தை தன் மகனுக்கு ஓர் ஏக்கர் ஒதுக்கித் தரவேண்டும். மகன் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் பயிரிட்டு வரவு செலவு எழுதவேண்டும் என்பதே விதி. 1910ஆம் ஆண்டில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்னும் 15 வயதுச் சிறுவன் ஓர் ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் எடுத்தான். நம் அளவில் ஏறத்தாழ 5,800 கிலோ. பெரியவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கும் எடுக்காத காலம் அது. புதிய முறையை நம்பாத தந்தையர் மகன் வயலைப் பார்த்து நம்பினர். இன்று 'ஃபோர்-எச்' என்று வழங்கும் இளைஞர் இயக்கத்தின் வேர் இதுவே.

நம் உழவர்களிடம் ஓர் ஏக்கர் கேட்பது முறையன்று. பத்து சென்ட் போதும். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் பத்து சென்டில் 120 வாழை நிற்கும். ஏத்தனோ கதலியோ, எதை நடுவது என்பதை மகன் முடிவு செய்யட்டும். கன்று, உரம், முட்டு இவற்றுக்கான பணத்தைக் கடனாகவே கொடுங்கள். இனாமாகக் கொடுத்தால் கணக்கு எழுதும் பழக்கம் வாராது. விற்ற பணம் அவன் பெயரில் உள்ள கூட்டுறவு வங்கிக் கணக்கில் சேரவேண்டும். முதல் ஆண்டு நட்டம் வந்தாலும் பொறுத்துக் கொள்ளவேண்டும். "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தப் பத்து சென்ட் வீணானது போலத்தான். இதைச் சொல்லாமல் இருப்பது தந்தையர்க்குப் பெரிய சோதனை என்பதை நாம் அறிவோம்.

நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஓர் ஆண்டு காத்திருக்க இயலாதவர்களுக்கும் பால் காளான் ஏற்றது. இந்தக் கடலோரத்தில் சிப்பிக் காளானுக்கு வெப்பம் கூடுதல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 என்னும் பால் காளான் வகை 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கி வளரும். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கவேண்டும். பதப்படுத்திய வைக்கோலில் வித்திட்டு, பூசண இழை பரவிய பின் படுக்கையை இரண்டாக வெட்டி, வேகவைத்து ஆறிய மண்ணை மேலே ஒரு அங்குல அளவுக்குப் பரப்பவேண்டும். இந்த மண் மூடாக்கு இல்லாமல் பால் காளான் மொட்டு விடாது. புதியவர்கள் தவறுவது இங்கேதான். வித்திட்ட நாளிலிருந்து நான்கு வாரத்தை ஒட்டி முதல் அறுவடை கிடைக்கும். விற்பனையைப் பேசி முடிக்காமல் படுக்கை போடக்கூடாது. திருச்செந்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் கடைகளில் வாரம் எத்தனை கிலோ போகும் என்று பிள்ளைகளே முதலில் கேட்டு வரவேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு

இளைஞர் மன்றம் என்றாலே ஆண்பிள்ளைகள் என்றாகிவிட்டது. மன்றக் கூட்டம் இரவு எட்டு மணிக்குத் தேநீர்க் கடை அருகில் நடந்தால் எந்தப் பெண் வருவாள்? பயிற்சி காலை பத்து மணி முதல் மூன்று மணிக்குள், ஊருக்குள்ளேயே, பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கவேண்டும். கழிப்பறை உள்ள இடமாக இருக்கவேண்டும். இவ்வளவையும் செய்தால் முருங்கை இலைப் பொடி, வாழை நார், நாற்றங்கால், காளான் ஆகிய பயிற்சிகளுக்குப் பெண்கள் தாமாகவே வருவர். வாகைக்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் ஊரிலேயே பயிற்சி நடத்தித் தருமாறு மன்றத்தின் பெயரில் எழுதிக் கேட்கலாம்.

தெருவுக்கொரு மன்றம் வேண்டாம்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமை பெறாது. நம் பகுதியில் இளைஞர் குழுக்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்று, ஒவ்வொரு சாதிக்கும் ஒன்று, பெயர்ப் பலகையோடு இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடை செய்யவேண்டும் என்பது 2024 ஜூனில் அக்குழு அளித்த பரிந்துரைகளில் ஒன்று. ஊரில் வேறு எந்தக் கூட்டத்திலும் இடம் கிடைக்காத பிள்ளை, கயிறு கட்டிவிடும் கூட்டத்தில் போய்ச் சேருகிறான். தென்கால் நீர் எல்லாத் தெரு வயல்களுக்கும் பாய்கிறது. குளம் தூர்வாரும் வேலையும் எல்லாருக்கும் பொது. ஆகவே மன்றம் ஒரு பாசனப் பகுதிக்கு ஒன்று என்று அமைவது நலம். பந்தாட்ட அணியைப் பிரிக்கும்போதும் தெருவாரியாகப் பிரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவேண்டும்.

குடிக்குப் பழகியவர்கள், தேர்வில் தவறி மனம் உடைந்தவர்கள் ஆகியோரை ஏசுவதால் பயனில்லை. பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கும் குடும்பங்கள் நம்முடையவை என்பதை மறக்கவேண்டாம். மருந்துப் புட்டிகளைப் பூட்டி வைக்கவேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எவ்வகைத் துன்பம் நேர்ந்தாலும் 1098. இவ்விரு எண்களையும் மன்றச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கவேண்டும்.

தொடங்கும் முறை

பதினைந்து இருபது பேர் போதும். ஐம்பது பேரைச் சேர்த்துவிட்டுத் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். தலைவர் பதவிக்கு ஊர்ப் பெரியவர் வரக்கூடாது. அவர் ஆலோசகராக ஓரமாக அமரட்டும். மாதம் இரு கூட்டம், ஒரு பதிவேடு, இருவர் கையொப்பத்தில் இயங்கும் ஒரு வங்கிக் கணக்கு ஆகியவை தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். உறுப்பினர் இருபதைத் தாண்டினால் பதிவு கட்டாயமாகும். பதிவு பெற்ற மன்றத்துக்கு அலுவலகங்களில் நாற்காலி போடுவார்கள் என்பது அனுபவ உண்மை.

முதல் வேலையாக, ஊரில் 15 முதல் 29 வயதுள்ள ஒவ்வொருவர் பெயரையும், படிப்பையும், இப்போது செய்யும் வேலையையும், விரும்பும் வேலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெளியூரில் இருப்பவர்களையும் விடாமல் எழுதுங்கள். காயல்பட்டினத்தார் செய்வதைப் போல, வெளியே சம்பாதிப்பவர்களிடம் மாதம் 100 ரூபாய் சந்தா கேட்பதில் குறைவொன்றும் இல்லை. இருபது பேர் தந்தால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் தவணைச் செலவுக்கு அது உதவும்.

கிள்ளிகுளம் வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவ மாணவியர் ஊரக வேளாண்மைப் பணி அனுபவத்துக்காக ஊர்களில் தங்கிப் பணிபுரிகின்றனர். அவர்களும் உங்கள் பிள்ளைகளின் வயதினரே. உங்கள் ஊருக்கு அவர்களை அனுப்பக் கோரி, மன்றத்தின் பதிவு எண்ணையும் மேற்கூறிய நோட்டின் நகலையும் இணைத்துக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள்.